குளிர்கிடங்கின் நான்கு விளக்குகள்

ஊரில் அவளைக் கேட்டக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். குளிர்கிடங்கின் பெரிய கேட்டில் காவல் மேற்பார்வை பார்ப்பதால் வந்த பெயர். வருகிறவர் போகிறவரையெல்லாம் நிறுத்தி எங்கே, எதற்கு, யாரைப் பார்க்க என்று கேட்டுக்கொண்டே இருப்பதால் வந்தது என்று சொல்கிறவர்களும் உண்டு. இரண்டுமே பொருந்தியதால் அவளும் மறுத்ததில்லை.

அந்த வாரம் மட்டும் யாரையும் எதையும் கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. தன்னை யாராவது கேட்டுவிடுவார்களோ என்றுதான் பயமாக இருந்தது.

எல்லாம் அந்த நான்கு விளக்குகளால் வந்தது. சில மாதங்களுக்கு முன்னால் கிடங்கின் பின்பக்கத்தில் தாமிரக் குழாய்களை யாரோ அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள். முதலாளி நகரத்திலிருந்து ஆள் அனுப்பி, வளாகத்தின் நான்கு மூலையிலும் உயரமான கம்பம் நட்டு, ஒவ்வொன்றின் தலையிலும் பெரிய ஃபோகஸ் விளக்கு மாட்டச் செய்தார். மாட்டியவர்கள் அவசரத்தில் விளக்குகளை நிமிர்த்தி வைத்துவிட்டுப் போனார்கள். வெளிச்சம் மதிலைத் தாண்டி, சாலையைத் தாண்டி, வயலைத் தாண்டி, மேகத்தின் அடிவயிறு வரை போய் முட்டியது. கேட்டக்காவின் வீட்டுக் கோழிகள் எப்போது தூங்குவது என்று தெரியாமல் கூண்டுக்குள் சண்டை போட்டன.

வேறு ஊராக இருந்தால் நல்லதாகப் போயிற்று என்று சந்தோஷப்பட்டிருப்பார்கள். இந்த ஊர் அப்படியில்லை. முன்பு ஒரு தடவை தொலைநோக்கியைத் தூக்கிக்கொண்டு ஒரு கணவன் மனைவி வந்து, ஊர்ப் பள்ளிக்கூட டீச்சர் வீட்டு மாடியில் தங்கி, இப்படி ஒரு வானத்தைப் பார்த்ததே இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அடுத்த வருஷம் கூட்டமாக வந்தார்கள். அதற்குப் பிறகு அறை வாடகைக்கு விடாத வீடு குறைவு. மழை பொய்த்தால் பிள்ளைகளை வெளியூர் வேலைக்கு அனுப்புவதைத் தவிர வேறு வழி தெரியாதிருந்த ஊருக்கு, தலைக்கு மேலே இருந்த இருட்டு சோறு போட ஆரம்பித்தது. அப்புறம்தான் ஊர் கூடிப் பேசி, வெளிச்சம் மேலே போகாமல் கீழே மட்டும் விழும்படி தெருவிளக்குகளுக்குத் தகரக் குல்லா போட்டார்கள். வெள்ளைப் பல்புகளைக் கழற்றி மஞ்சள் பல்பு மாட்டினார்கள். வாசல் விளக்கைத் தேவைக்கு மட்டும் போடப் பழகிக்கொண்டார்கள். சும்மா சண்டை போட்டுக்கொள்ளும் இரண்டு மளிகைக் கடைக்காரர்கள்கூட ஒரே நாளில் பெயர்ப்பலகை விளக்கை அணைத்தார்கள்.

அந்தத் தகரக் குல்லாக்களைச் செய்தது கேட்டக்காவின் அண்ணன். வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறவன். ஊர் வைத்த பெயர் பொறி. வேலையிலும் பொறி பறக்கும், பேச்சிலும் பறக்கும். "நாள் பூரா கண்ணைப் பறிக்கிற வெளிச்சத்துல வேலை பார்க்கிற மனுஷன், சாயங்காலமானா இருட்டு இருட்டுன்னு அலையறாரு" என்று அண்ணி சொல்லிச் சிரிப்பாள்.

இப்போது விஷயம் முற்றிவிட்டது. இருண்ட வானமுள்ள ஊர் என்று அங்கீகாரம் கொடுக்கிற அமைப்புக்கு டீச்சர் விண்ணப்பித்திருந்தார். நிலவில்லாத நாள்களில் வந்து வானத்தை அளந்து பார்க்கிறோம் என்று அவர்களும் சொல்லிவிட்டார்கள். அந்த நாள்கள் இந்த வாரம்தான்.

பள்ளிக்கூடத்தில் நடந்த கூட்டத்தில் யாரோ, "எல்லாம் சரி, அந்தக் கிடங்கு விளக்கை என்ன பண்றது?" என்று கேட்டார்கள். பொறி எழுந்து நின்றான்.

"அதை என்கிட்ட விடுங்க. அங்க இருக்கிறது யாரு? என் தங்கச்சி. நான் ஒரு வார்த்தை சொன்னா முடிஞ்சுது."

எல்லோரும் கை தட்டினார்கள். கேட்டக்கா கடைசி வரிசையில்தான் உட்கார்ந்திருந்தாள். தட்டியவர்களில் ஒருவர்கூடத் திரும்பி அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் பாதியில் நிறுத்தியிருப்பார்கள்.

மறுநாள் அவள் மேனேஜர் அறைக்குப் போனாள். மேனேஜர் ஒல்லியான மனிதர், நெஞ்செரிச்சல்காரர். மேசை இழுப்பறையில் பேனாவைவிட மாத்திரை அதிகம். விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டார்.

"விளக்கைக் கீழ திருப்பறதா? போன தடவை குழாய் போனப்ப முதலாளி என்னைப் பேசின பேச்சை நீங்க கேட்டிருந்தா, இதைக் கேக்க வந்திருக்க மாட்டீங்கம்மா."

"ரெண்டு மூணு நாளைக்குத்தான் சார். ஊர்ல எல்லாரும்..."

"ஊர்ல எல்லாரும் எனக்குச் சம்பளம் தரலையே. இன்னொரு தடவை இங்க ஒரு ஆணி காணாமப் போனாலும் முதல்ல என் வேலை போகும், அடுத்தது உங்க வேலை." கொஞ்சம் குரல் இறங்கியது. "நானும் சின்ன ஆளுதாம்மா. என் கையில எதுவும் இல்லை."

அவர் பொய் சொல்லவில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. கணவன் லாரி ஓட்டப் போனால் எப்போது திரும்புவான் என்று சொல்ல முடியாது. மகள் வெளியூரில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். இந்த வேலையும் போனால் விடுதிக்கு யார் பணம் கட்டுவது?

வேலை முடிந்ததும் நேரே பட்டறைக்குப் போனாள். பொறி நான்கு பெரிய குல்லாக்களைச் செய்து சுவரோரம் சாய்த்து வைத்திருந்தான்.

"பார்த்தியா? உன் விளக்குக்கு அளவெடுத்த மாதிரி செஞ்சிருக்கேன்" என்றான்.

"முடியாதுன்னுட்டாங்க அண்ணே."

"நீ சரியாக் கேட்டிருக்க மாட்டே."

"சரியாத்தான் கேட்டேன். நீ என்னைக் கேட்டியா? ஊரைக் கூட்டி வச்சு என் தங்கச்சி என் தங்கச்சின்னு சொன்னியே, அந்தத் தங்கச்சி பின்னாடிதானே உக்காந்திருந்தா? முடியுமாடின்னு ஒரு வார்த்தை கேட்டியா?"

பொறி கையிலிருந்த சுத்தியலைக் கீழே வைத்தான். பதில் பேசாமல் இருந்து அவனை அவள் பார்த்ததே இல்லை. கத்தியிருந்தால் அவளும் கத்திவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பாள். அவன் தலையை மட்டும் ஆட்டினான். அந்தத் தலையாட்டல் ராத்திரி முழுக்க அவள் கண்ணுக்குள்ளேயே நின்றது.

அடுத்த நாள் பொழுது சாயும் நேரத்தில் அண்ணி போன் செய்தாள்.

"உங்க அண்ணன் அங்க வந்தாராம்மா?"

"இல்லையே அண்ணி. ஏன்?"

"பட்டறையில ஏணியைக் காணோம். ஒரு குல்லாவையும் காணோம். போனும் எடுக்க மாட்டேங்கறாரு. எனக்கு என்னமோ பயமா இருக்கு."

"நான் பார்க்கிறேன் அண்ணி" என்று கேட்டக்கா போனை வைத்தாள். கூட இருக்க வேண்டிய காவலாளி மாமியாருக்கு உடம்பு சரியில்லை என்று போயிருந்தான். கேட்டைப் பூட்டிவிட்டுப் பார்க்கப் போவதா, இங்கேயே இருப்பதா என்று அவள் தவித்துக்கொண்டிருக்கும்போதே, டக்கென்று சத்தம் கேட்டு, வழக்கமான நேரத்துக்கு நான்கு விளக்கும் தானாக எரிந்தன. கொஞ்ச நேரத்தில் பின்பக்கத்திலிருந்து தடாலென்று இன்னொரு சத்தம் வந்தது.

ஓடினாள். கிடங்கின் பின்மூலையில் அலுமினிய ஏணி வளைந்து தரையில் கிடந்தது. அண்ணாந்து பார்த்தால் கண் கூசியது. கையால் மறைத்துக்கொண்டு பார்த்தபோது, கம்பத்தின் உச்சியில், விளக்கைத் தாங்கும் குறுக்குச் சட்டத்தில் ஒரு காலைப் போட்டுக்கொண்டு, கம்பத்தை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்தபடி அண்ணன் தொங்காத குறையாக உட்கார்ந்திருந்தான். குல்லா பாதி மாட்டியும் மாட்டாமலும் ஆடியது.

"அண்ணே!"

"கத்தாதே. நான் அசையக் கூடாது." அவன் குரல் அவன் குரலாகவே இல்லை. "தகரம் நழுவி வயரைக் கிழிச்சிடுச்சு போல. சட்டத்துல கை பட்டா சுர்ருங்குது. கையுறை இருக்கிறதால தப்பிச்சேன். வேர்வையில அதுவும் நனையுது."

"ஐயோ, எதுக்கு அண்ணே..."

"பின்மதில் ஏறி வந்து, லைட் எரியறதுக்கு முன்னாடி முடிச்சிடலாம்னு நினைச்சேன். மெயினை அணை. சீக்கிரம்."

அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பிறகு கால் மட்டும் ஓடியது. காவலறைச் சுவரில் இருந்த மின்பெட்டியை அவள் ஒருநாளும் தொட்டதில்லை. தொடக் கூடாது என்பது முதல் நாளே சொல்லப்பட்ட உத்தரவு. திறந்தால் வரிசை வரிசையாக சுவிட்ச்சுகள். பக்கத்தில் ஒட்டியிருந்த காகிதத்தில் மை வெளுத்து ஒன்றும் புரியவில்லை. இவற்றில் பாதி குளிரறைகளுக்குப் போகிறது. தப்பானதை அணைத்துவிட்டு, திரும்பப் போடத் தெரியாமல் போனால், உள்ளே இருக்கும் இத்தனை பேருடைய விளைச்சலும் வீணாகும். எல்லாவற்றையும் இழுத்துவிடலாமா என்று ஒரு கணம் கை போனது. அங்கே அவன் கையுறை நனைந்துகொண்டிருக்கிறது.

தினமும் விளக்கு எரியும்போது அந்த டக்கென்ற சத்தம் பெட்டியின் எந்தப் பக்கத்திலிருந்து வரும்? நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போது இடது காதுப் பக்கம் கேட்கும். இடது மூலையில் ஒன்று மட்டும் தனியாக இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு அதை இழுத்தாள்.

கண்ணைத் திறந்தபோதும் மூடியிருந்த மாதிரியே இருந்தது. அவ்வளவு இருட்டு. மூச்சைப் பிடித்துக்கொண்டு காது கொடுத்தாள். குளிரறை இயந்திரங்கள் எப்போதும்போல உறுமிக்கொண்டிருந்தன. தப்பானதை அணைக்கவில்லை.

சுவரைத் தடவித் தடவிப் பின்பக்கம் வந்தாள். எதுவும் தெரியவில்லை. அண்ணே என்று கூப்பிட்டாள். மேலே இருந்து ஒரு முனகல். கொஞ்சம் கொஞ்சமாகக் கண் பழகியபோது முதலில் நட்சத்திரங்கள் தெரிந்தன. அவற்றுக்கு நடுவே ஓரிடத்தில் மட்டும் நட்சத்திரமே இல்லை. அந்தக் கரிய இடம்தான் தன் அண்ணன் என்று அவளுக்குப் புரிய நேரமாயிற்று.

"தோள் பிசகிடுச்சு. ரொம்ப நேரம் தாங்காது" என்றான் அவன்.

உயரமான ஏணி ஸ்டோர் அறையில் இருந்தது. சாவி மேனேஜரிடம். அவரைக் கூப்பிட்டால் எல்லாம் வெட்டவெளிச்சமாகிவிடும். கூப்பிடாமல் ஊர்க்காரர்களை மட்டும் வரவழைத்து, சத்தமில்லாமல் இறக்கி, விளக்கு தானாக அணைந்துவிட்டது என்று சொல்லிவிடலாம். அந்த யோசனை மனசுக்குள் வந்து நின்றது. ஊரிலிருந்து ஏணி வர எவ்வளவு நேரமாகுமோ. மேனேஜர் வீடு பக்கத்தில்தான்.

"சார், உடனே ஸ்டோர் சாவியோட வாங்க. வெளி லைட்டை நான்தான் அணைச்சேன். பின்கம்பத்து மேல எங்க அண்ணன் மாட்டிக்கிட்டிருக்காரு. விழுந்துடுவாரு சார்."

மறுமுனையில் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. பிறகு "வரேன்" என்று மட்டும் வந்தது. அவள் உடனே அண்ணியையும் கூப்பிட்டாள்.

மேனேஜரின் பைக் சீறிக்கொண்டு வந்தது. கேட்டைத் திறந்துவிட்டு அவள் முன்னால் ஓட, அவர் பின்னாலேயே வண்டியை ஓட்டிவந்து ஹெட்லைட்டைக் கம்பத்தை நோக்கித் திருப்பினார்.

"ஐயோ, அதை அணைங்க! கண்ணு தெரியலை, பிடி வழுக்குது!" என்று மேலே இருந்து பொறி அலறினான்.

"அணைச்சா நான் எப்படிய்யா பார்க்கிறது?"

"கொஞ்ச நேரத்துல தெரியும் சார். கண்ணு பழகிடும். அணைங்க சார்!" என்று கேட்டக்கா கிட்டத்தட்ட அவர் கையைத் தட்டிவிட்டாள். அவர் அணைத்தார். அப்போதுதான் சாலையில் சின்னச் சின்னச் சிவப்பு வெளிச்சங்கள் கூட்டமாக ஆடிக்கொண்டு வருவதைப் பார்த்தார்.

"யாரும்மா அது? என்னை அடிக்க வராங்களா?"

"இல்ல சார். ஊர்க்காரங்க. டார்ச்சுல சிவப்புக் காகிதம் ஒட்டியிருக்காங்க. கண்ணு கூசாம இருக்கிறதுக்கு."

அவர் நம்பின மாதிரி தெரியவில்லை. ஆனாலும் சாவியை எடுத்து ஸ்டோரைத் திறந்தார். ஏணியைத் தூக்கிக்கொண்டு வந்ததில் ஒரு முனை அவர், மறுமுனை டீச்சர். டீச்சர் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏணியின் அடியில் உட்கார்ந்தே பிடித்துக்கொண்டார். ஊர்க்காரர் இருவர் ஏறிப் பொறியின் இடுப்பில் கயிறு கட்டினார்கள். கால் மரத்துப்போய் அவனால் படியைத் தேட முடியவில்லை. ஒவ்வொரு படியாக அவன் பாதத்தைப் பிடித்து வைத்துக் கொண்டுவந்தார்கள். அவன் தரையில் கால் வைத்ததும் அண்ணி அவன் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள், அப்புறம்தான் அழுதாள்.

மேனேஜர் மாத்திரை தேடிச் சட்டைப் பையைத் தடவினார். இல்லை.

"நாளைக்குக் காலையில முதலாளி வருவார். நான் எதையும் மறைக்க மாட்டேன்மா."

"மறைக்க வேண்டாம் சார்" என்றாள் கேட்டக்கா.

"வயர் கிழிஞ்சு கிடக்கு. ஆள் வந்து பார்க்கிற வரைக்கும் ஒரு விளக்கும் போட முடியாது. ராத்திரி பூரா திறந்த வீடு மாதிரி கிடக்கும். எவனாவது வந்தா?"

டீச்சர் எழுந்து கையில் இருந்த மண்ணைத் தட்டினார். "நாங்க இருக்கோம் சார். மதில் சுத்தி உக்காந்துக்கறோம். விளக்கு வர்ற வரைக்கும் முறை வச்சு இருக்கோம்."

மறுநாள் முதலாளி வந்தார். அவர் கார் கதவைச் சாத்திய சத்தத்திலேயே விஷயம் தெரிந்துவிட்டது. பொறி மேல் போலீஸில் புகார் கொடுப்பேன் என்று குதித்தார். கேட்டக்காவை வீட்டுக்குப் போகச் சொன்னார். அவள் சாவிக்கொத்தை மேசையில் வைத்துவிட்டு வெளியே வரும்போது உள்ளே மேனேஜரின் குரல் கேட்டது. "அந்தம்மா போன் பண்ணாம மறைச்சிருந்தா நமக்குத் தெரிஞ்சே இருக்காது சார். விளக்கை அணைச்சதையும் அவங்களேதான் சொன்னாங்க." அதற்குமேல் நின்று கேட்க அவளுக்குத் தைரியமில்லை.

எலக்ட்ரீஷியன் நகரத்திலிருந்து வராமல் நாள்களை இழுத்தடித்தார். அதுவரை ஊர் மதிலோரம் பாய் போட்டு உட்கார்ந்திருந்தது. வேலையே இல்லாத கேட்டக்காவும் போய் உட்கார்ந்தாள். வீட்டில் இருந்தால் தூக்கம் வரவில்லை. ஒரு சருகு அசைந்தாலும் திரும்பிப் பார்த்தாள். இந்த நேரத்தில் ஒரு குழாய் போனாலும் ஊர் மொத்தமும் திருடர் என்று ஆகிவிடும். ஒரு தடவை பின்மதில் பக்கம் சரசரவென்று சத்தம் கேட்டு எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு சூழ்ந்தார்கள். ஒரு மளிகைக் கடைக்காரர் தடியோடு முன்னால் போனார். புதருக்குள்ளிருந்து இன்னொரு மளிகைக் கடைக்காரர் வேட்டியைச் சரிசெய்துகொண்டு வெளியே வந்தார்.

"அவசரத்துக்குக்கூட ஒதுங்க விட மாட்டீங்களாய்யா?"

அந்தச் சிரிப்பில் அவளும் சிரித்தாள். பல நாளாகச் சிரிக்கவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

தோளில் கட்டுப் போட்ட பொறி அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். ரொம்ப நேரம் செருமிக்கொண்டிருந்தான்.

"தண்ணி வேணுமா?" என்றாள்.

"வேணாம். நான் வந்து... உன் பேரைச் சொல்லி வாக்குக் குடுத்தது தப்பு. உன்னைக் கேட்டிருக்கணும்."

"சரி."

"சரின்னா? மன்னிச்சிட்டியா?"

"தப்புன்னு சொன்னே, சரின்னேன். மன்னிக்கிறதுக்கு நாளாகும். நீ மேலேருந்து விழுந்திருந்தா அண்ணி முகத்தை நான் எப்படிப் பார்ப்பேன்? இப்பவும் கண்ணை மூடினா அந்தக் கையுறைதான் தெரியுது."

அவன் எழுந்து போகவில்லை.

கிடங்கு விளக்குகள் எரியாமலிருந்த அந்த நாள்களிலேயே வானத்தை அளக்க வந்தவர்கள் முதல் ராத்திரி மேகத்தைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்கள். மறுநாள் வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. கையடக்கக் கருவியை மேலே நீட்டி நீட்டிப் பார்த்தார்கள். தங்களுக்குள் மெதுவாகப் பேசிக்கொண்டார்கள். ஊர் முழுக்கத் தேர்வு எழுதிய பிள்ளை மாதிரி அவர்கள் முகத்தையே பார்த்தது. ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார்கள்.

போலீஸ் புகார் வராமல் போனதற்குக் காரணம் முதலாளியின் மனசு இளகியது அல்ல. எலக்ட்ரீஷியன் வயரை மாற்றும்போது, ஒரு விளக்கில் மட்டும் பொறி செய்த குல்லாவை ஒழுங்காக மாட்டி மேனேஜர் எரியவிட்டுப் பார்த்தார். மேலே சிதறிய வெளிச்சமெல்லாம் கீழே இறங்கி, மதிலடியில் கிடந்த ஆணிகூடத் தெரிந்தது. குல்லா இல்லாத மற்ற மூலைகள் அதற்குப் பக்கத்தில் மங்கலாக இருந்தன. முதலாளி இரண்டையும் நடந்து பார்த்துவிட்டு, "மீதி மூணையும் மாட்டச் சொல்லு. அந்த ஆள் ஏறக் கூடாது" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார். புகார் பேச்சை அதற்குப் பிறகு அவர் எடுக்கவில்லை.

கேட்டக்காவைத் திரும்பக் கூப்பிட்டார்கள். ஆனால் மேற்பார்வை போய்விட்டது. வெறும் காவலாளிதான். மேற்பார்வை, மாமியாருக்கு உடம்பு சரியில்லை என்று போனவனுக்குக் கிடைத்தது. அவன் வெட்கத்தோடு அவளிடமே வேலையைக் கேட்டுக் கற்றுக்கொண்டான். அவளுக்கு அது உறுத்தத்தான் செய்தது. யாரிடமும் சொல்லவில்லை.

பல மாதம் கழித்து அங்கீகாரம் கிடைத்த செய்தி வந்தது. அன்று பொழுது சாய்ந்ததும் ஊரில் எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு எல்லோரும் மொட்டை மாடிக்கும் தெருவுக்கும் வந்துவிட்டார்கள். சத்தமும் சிரிப்பும் கிடங்கு வரை கேட்டது. அவள் பணியில் இருந்தாள். மேனேஜர் வீட்டுக்குக் கிளம்பியவர், கேட்டுக்கு வெளியே வண்டியை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார். அவளும் வெளியே வந்தாள்.

"அது என்னம்மா, வெள்ளையா நீளமா, பால் சிந்தின மாதிரி?"

"பால்வீதின்னு டீச்சர் சொன்னாங்க சார். அதுக்குள்ள என்ன இருக்குன்னு எனக்கும் முழுசாத் தெரியாது."

"இத்தனை நாளும் இது இங்கயேவா இருந்துது?"

"இருந்திருக்கும் சார்."

அவர் இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அவரையும் அறியாமல் கிடங்குப் பக்கம் திரும்பினார்.

"பின்பக்கப் பூட்டைப் பார்த்தீங்களா?"

"பார்த்தேன் சார்" என்றாள். சொன்ன உடனேயே சந்தேகம் வந்துவிட்டது. "எதுக்கும் இன்னொரு தடவை பார்த்துட்டு வந்துடறேன்."